எண்ணாகிச் செல்லும் குரல்



தொலைபேசியில் பேசாதவர் இன்று அரியர். ஆனால் வாயிலிருந்து புறப்பட்ட சொல் எவ்வுருக்கொண்டு மறுமுனையைச் சென்றடைகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சொல், சொல்லாகவே கம்பியில் ஓடுவதில்லை. முன்னாளில் அது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக ஓடிற்று. இந்நாளில் எண்களாக ஓடுகிறது. இந்த மாற்றத்தின் நடுவே ஓர் ஏற்பாடு தோன்றிற்று. பழைய செப்புக் கம்பியையே வைத்துக்கொண்டு, மனிதனின் குரலையும் கணிப்பொறியின் செய்தியையும் ஒரே வழியில், எண்களாகவே, வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்க முயன்றது அது. அதன் பெயர் ஐ.எஸ்.டி.என். தமிழில் அதனை 'ஒருங்கிணைந்த சேவைகளுக்கான எண்முறை வலையம்' எனலாம். அதைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

"அதன் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டதே, இப்போது அதை ஏன் கற்க வேண்டும்?" என்று மாணவர் கேட்கலாம். நீராவி ரயில்வண்டி ஓய்ந்துவிட்டது. ஆயினும் வெப்பம் வேலையாக மாறும் விதத்தை விளக்க இன்றும் நீராவி இயந்திரத்தையே துணைக்கு அழைக்கிறோம். அதுபோல, கண்ணாடி இழையிலும் கைப்பேசியிலும் இன்று நடப்பதை விளங்கிக்கொள்ள ஐ.எஸ்.டி.என். ஒரு நல்ல பாடம். அதில் உறுப்புகள் குறைவு, கணக்கு எளிது.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கிறது. தகட்டின் அசைவிற்கு ஏற்ப மின்னோட்டம் கூடிக் குறைகிறது. ஆகவே கம்பியில் ஓடும் மின்னோட்டம் குரலின் சாயலாகவே இருக்கிறது. மறுமுனையில் அந்த மின்னோட்டம் மற்றொரு தகட்டை அசைக்க, குரல் மீண்டும் பிறக்கிறது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. தொலைவு கூடக் கூட மின்னோட்டம் மெலிகிறது. வழியில் இரைச்சலும் கலக்கிறது. மெலிந்ததைப் பெருக்கிக் காட்டக் கருவி வைத்தால், குரலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. கலந்த பின் இரண்டையும் முற்றப் பிரிப்பது இயலாத செயல்.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதல் மாணவனிடம் ஒரு மயிலின் படத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து வரைந்து அடுத்தவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் தான் பெற்றதைப் பார்த்து வரைந்து அதற்கடுத்தவனிடம் தரட்டும். நாற்பதாம் மாணவனிடம் சேரும்போது மயில் கோழியாகியிருக்கும். இப்போது படத்திற்கு மாறாக '4715' என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவன் கையெழுத்து கோணலாக இருக்கலாம். மற்றொருவன் எழுத்து சிறிதாக இருக்கலாம். ஆயினும் படிக்க முடிகிற வரையில், ஒவ்வொருவனும் அதைப் புதிதாகத் திருத்தமாக எழுதி அனுப்புகிறான். நாற்பதாமவனிடமும் 4715 என்றே சேர்கிறது. சாயலை அனுப்பினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எண்ணை அனுப்பினால் ஒவ்வொரு நிலையிலும் பிழையைத் துடைத்துவிடலாம். எண்முறைச் செய்தித்தொடர்பின் உயிர்நிலை இதுவே.

குரலை எண்ணாக்குவது எப்படி? அதற்கு எங்கள் திருத்தணி மலையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மலைக்கோயிலுக்கு வண்டிகள் செல்லும் சாலையும் உண்டு. 365 படிகள் கொண்ட படிவழியும் உண்டு. சாலையில் ஏறிக்கொண்டிருப்பவரை, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பாதிக்குச் சற்று மேலே" என்பார். அது தோராயம். படிவழியில் ஏறுபவரோ, "210ஆம் படியில் நிற்கிறேன்" என்று ஐயமின்றிச் சொல்லலாம். அந்த எண்ணை எத்தனை பேர் வழியாகச் சொல்லியனுப்பினாலும் அது 210தான். ஒரு கால் இரண்டு படிகளுக்கு நடுவே தூக்கியபடி இருந்தால், அருகிலுள்ள படியைக் கணக்கில் கொள்கிறோம். அந்தச் சிறு வேறுபாட்டை இழக்கச் சம்மதித்து, அதற்கு ஈடாகத் தெளிவைப் பெறுகிறோம்.

குரலுக்கும் இவ்வாறே படிகள் அமைக்கிறார்கள். தொலைபேசியில் 256 படிகள். குரலின் உயரம் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு நொடிக்கு 8,000 முறை பார்த்துக் குறிக்கிறார்கள். ஏன் 8,000? தொலைபேசியில் பேச்சு விளங்குவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையான அதிர்வுகள் போதும். ஓர் அதிர்வை இழக்காமல் பதிய வேண்டுமானால், அதன் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கிற்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. 3,400இன் இரு மடங்கு 6,800. கொஞ்சம் இடம் விட்டு 8,000 என்று வைத்தார்கள்.

256 படிகளில் ஒன்றைக் குறிப்பிட, 'ஆம்', 'இல்லை' என்ற விடையுள்ள எட்டுக் கேள்விகள் போதும். "128க்கு மேலா?" என்று தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் எட்டாம் கேள்வியில் படி அகப்பட்டுவிடும். ஒவ்வொரு விடையையும் 1 அல்லது 0 என்று எழுதுகிறோம். இத்தகைய ஒரு விடைக்குத்தான் 'பிட்' என்று பெயர். ஆக, நொடிக்கு 8,000 அளவுகள், அளவொன்றுக்கு 8 பிட்டுகள். பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட்டுகள். இந்த 64,000 என்ற எண்ணை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஐ.எஸ்.டி.என். முழுவதும் இதன் மேல் எழுந்த கட்டடமே.

இக்கருத்தை 1937ஆம் ஆண்டில் பாரிசில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்டார். அக்காலத்து வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதை மலிவாகச் செய்து காட்ட இயலவில்லை. டிரான்சிஸ்டர் பிறந்த பின்னரே, 1962இல் அமெரிக்காவில், தொலைபேசி நிலையங்களுக்கு இடையே எண்முறைத் தொடர்பு வணிக முறையில் நடைமுறைக்கு வந்தது. நல்ல கருத்து, தனக்கேற்ற கருவி வரும் வரையில் கால் நூற்றாண்டு காத்திருந்தது.

பின்னர் நாடுகள்தோறும் தொலைபேசி நிலையங்கள் எண்முறைக்கு மாறின. பேச்சு வழக்கில் நாம் 'எக்சேஞ்சு' என்று சொல்லும் அந்த நிலையங்களுக்கு இடையே குரல் எண்ணாக ஓடிற்று. ஆனால் எக்சேஞ்சிலிருந்து வீடு வரை உள்ள கடைசிச் சில கிலோமீட்டர்களில் பழைய முறையே நீடித்தது.

பேசுபவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. கணிப்பொறிக்குத்தான் தொல்லை. கணிப்பொறியின் மொழியே எண். அதன் செய்தியைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்ப, முதலில் மோடம் என்ற கருவி எண்களை ஒலியாக மாற்றியது. இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் கீச்சென்றும் கரகரவென்றும் கேட்ட ஓசை அதுவே. அந்த ஒலி எக்சேஞ்சை அடைந்ததும் மீண்டும் எண்ணாக மாற்றப்பட்டது! எங்கள் எல்லைப்புற ஊரில் தமிழும் தெலுங்கும் அறிந்தவர் பலர். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: தமிழர் ஒருவர் தமிழருக்கு எழுதும் கடிதத்தைத் தெலுங்கில் பெயர்த்து, தபால் நிலையத்தில் மறுபடியும் தமிழாக்கி அனுப்புவது போன்றது இது. இரு மொழியும் சிறந்த மொழிகளே. ஆனால் இந்தப் பெயர்ப்பு வேண்டாத வேலை. ஒவ்வொரு பெயர்ப்பிலும் காலம் கழிகிறது, செய்தியும் சிதைகிறது. இதனால் வழக்கமான மோடத்தின் வேகம் நொடிக்கு 33,600 பிட்டோடு நின்றது. பின்னால் 1998இல் வகுக்கப்பட்ட முறையில், வீட்டை நோக்கி வரும் திசையில் மட்டும் அது 56,000 வரை உயர்ந்தது.

"கடைசிக் கம்பியிலும் எண்ணையே ஓட்டினால் என்ன?" என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே ஐ.எஸ்.டி.என். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் குழு 1984இல் இதற்கான விதிகளை வெளியிட்டது. ஜப்பான் 1988இல் இச்சேவையை மக்களுக்கு வழங்கத் தொடங்கியது.

இதன் அமைப்பு எளிது. வீட்டிற்கு வரும் அதே இரண்டு செப்புக் கம்பிகளில் மூன்று வழிகள் வகுக்கப்படுகின்றன. முதல் இரண்டும் நொடிக்கு 64,000 பிட்டுகள் செல்லும் வழிகள். இவற்றைப் 'பி' வழிகள் என்பர். ஒவ்வொன்றும் ஒரு குரலைத் தாங்கும். குரலுக்கு மாறாகக் கணிப்பொறிச் செய்தியையும் தாங்கும். மூன்றாவது 16,000 பிட்டுகள் கொண்ட 'டி' வழி. அது ஏவலாளன் போன்றது. "இன்ன எண்ணை அழை", "மணி அடிக்கிறது", "எடுத்துவிட்டார்", "வைத்துவிட்டார்" என்ற ஆணைகளும் செய்திகளும் அதில் செல்லும். ஆக மொத்தம் 1,44,000 பிட்டுகள். பெரிய அலுவலகங்களுக்கு முப்பது 'பி' வழிகள் கொண்ட பெரிய இணைப்பும் உண்டு. இந்தியாவும் ஐரோப்பிய நாடுகளும் ஏற்றது இந்த முப்பது வழி முறையையே.

இதனால் விளைந்த நன்மைகள் மூன்று. ஒரு வழியில் பேசிக்கொண்டே மறு வழியில் செய்தி அனுப்பலாம். இரண்டு வழிகளையும் சேர்த்து 1,28,000 பிட் வேகத்தில் ஒரே செய்தியை அனுப்பலாம். மோடம் அரை நிமிட அளவு முனகி இணைப்பைத் தேடிய இடத்தில், இது ஓரிரு நொடிகளில் இணைத்துவிடும். வானொலி நிலையங்களுக்கும் இது பேருதவி செய்தது. வெளியூர் அரங்கிலிருந்து வரும் வருணனையையும் இசையையும் தெளிவாக நிலையத்திற்குக் கொண்டுவர, உலகின் பல வானொலிகள் ஐ.எஸ்.டி.என். இணைப்பையே நெடுங்காலம் நம்பியிருந்தன.

இனி ஒரு சிறு கணக்கு. ஓர் எக்ஸ்ரே படத்தை 80 இலட்சம் பிட்டுகளாக ஆக்கியதாகக் கொள்வோம். 33,600 பிட் வேகமுள்ள மோடத்தில் அது சென்று சேர ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். ஐ.எஸ்.டி.என். இரு வழிகளையும் சேர்த்தால் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல். ஆறு படங்கள் என்றால், ஒன்றில் ஏறத்தாழ இருபத்துநான்கு நிமிடம். மற்றொன்றில் ஆறேகால் நிமிடம். வீட்டில் இருப்பவருக்கு இவ்வேறுபாடு பொறுமையைச் சோதிப்பதோடு போகலாம். நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மருத்துவருக்கு அப்படியன்று.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு சேரும் வரையில் எந்த மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததோ, அந்தச் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள அப்போலோ மருத்துவமனையைச் சென்னையிலுள்ள நிபுணர்களோடு இணைத்துத் தொலைமருத்துவம் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பில் கிளிண்டன் அதை முறைப்படி தொடங்கி வைத்தார். அம்முயற்சியின் தொடக்கத்தில் இருந்த கருவிகள் எவை தெரியுமா? எளிய வலைக் கேமராக்களும் ஐ.எஸ்.டி.என். தொலைபேசி இணைப்புகளுமே. பின்னர் இஸ்ரோவின் துணையால் செயற்கைக்கோள் இணைப்பு அமைந்தது. சிற்றூர் நோயாளியின் எக்ஸ்ரே படமும் இதயத் துடிப்பின் வரைபடமும் எண்களாகிப் பெருநகரத்து மருத்துவரின் கண்முன் சென்றன. எண்ணுக்கு மாநில எல்லை இல்லை. அது சுங்கச் சாவடியில் நிற்பதும் இல்லை.

ஆனால் எண்ணுக்கும் வேறோர் எல்லை உண்டு என்பதை மறைத்துவிடக் கூடாது. ஐ.எஸ்.டி.என். இணைப்பு, எக்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செப்புக் கம்பி வரையில்தான் நன்கு இயங்கும். கம்பி அதற்கு மேல் நீண்டால், 1 எது, 0 எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு மின்துடிப்பு மெலிந்துவிடும். கையெழுத்துப் படிக்க முடிகிற வரையில்தான் 4715 பிழையின்றிச் செல்லும் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அந்த நிபந்தனை இங்கே தன் வேலையைக் காட்டுகிறது. பட்டணத்தில் எக்சேஞ்சுகள் நெருங்கி நிற்கின்றன. ஐந்து கிலோமீட்டருக்குள் பல்லாயிரம் வீடுகள் அடங்கிவிடும். எங்கள் பக்கத்திலோ பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை முதலிய நெசவாளர் ஊர்களைச் சுற்றிலும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. எக்சேஞ்சு தொலைவில் இருந்தால், அங்கே வாழும் நெசவாளியின் மகனுக்கு இந்தச் சேவை, விதியால் அல்ல, கம்பியின் நீளத்தால் மறுக்கப்படும்.

இத்தடையை நம் நாட்டு அறிஞர்கள் இரு வழிகளில் எதிர்கொண்டார்கள். ஒரு வழி, எக்சேஞ்சையே சிற்றூருக்குக் கொண்டு செல்வது. 1984இல் அரசு நிறுவிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாமலே நம் நாட்டு வெப்பத்தையும் புழுதியையும் தாங்கும் சிறிய எண்முறை எக்சேஞ்சைப் படைத்தது. அதன் முதல் நிலையம் 1986இல் கருநாடக மாநிலத்துக் கித்தூரில் அமைந்தது. மற்றொரு வழி, கம்பியையே விட்டுவிடுவது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். நேர்ப்பார்வையில் பத்துக் கிலோமீட்டர் வரை பேச்சும், கூடவே நொடிக்கு 35,000 பிட் அளவில் இணையமும் அதில் சென்றன. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் 2001 முதல் இதைக்கொண்டு இணைய நிலையங்கள் நடத்தப்பட்டன. அங்கிருந்து கண் நோயாளிகளின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவர் கருத்தைக் கேட்டறிந்தார்கள். வேகம் ஐ.எஸ்.டி.என். இணைப்பின் ஒரு 'பி' வழியில் ஏறத்தாழப் பாதி, ஆயினும் ஐ.எஸ்.டி.என். செல்லாத இடத்திற்கு அது சென்றது.

இத்தனை சிறப்பும் இருந்தும் ஐ.எஸ்.டி.என். ஏன் நிலைக்கவில்லை? ஒரு காரணம், அது இணைப்பு உள்ள நேரம் முழுவதும் வழியை ஒருவருக்கே ஒதுக்கி வைப்பது. இருவர் பேசாமல் மௌனமாக இருந்தாலும் வழி அவர்களுக்கே உரியது, கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மூட்டையை அனுப்ப ரயிலில் ஒரு பெட்டி முழுவதையும் பதிவு செய்வது போன்றது அது. இணையமோ செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, முகவரி எழுதி, எல்லார் பொட்டலங்களோடும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிறது. இன்னொரு காரணம், அதே செப்புக் கம்பியில் இதனினும் பன்மடங்கு வேகம் தரும் முறைகள் வந்துவிட்டமை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 சனவரியில் அத்தகைய அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. பிரிட்டனில் 2023 செப்டம்பருக்குப் பின் புதிய ஐ.எஸ்.டி.என். இணைப்புகள் விற்கப்படவில்லை. ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழையைக் கொண்டு சேர்க்கும் திட்டத்திற்கு இந்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. 'பாரத்நெட்' என்று இன்று வழங்குவது அதுவே.

ஆயினும் ஐ.எஸ்.டி.என். தோற்றுப்போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். குரலும் எழுத்தும் படமும் ஒரே எண்ணின் வெவ்வேறு கோலங்கள். அவற்றுக்குத் தனித்தனிக் கம்பிகள் வேண்டா என்பதே அது சொன்ன செய்தி. அச்செய்தி வென்றுவிட்டது. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில், குரல் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே, வாயின் அருகிலேயே எண்ணாகிவிடுகிறது.

வெல்லாமல் இருப்பது ஒன்று உண்டு. அதுவே நான் சொல்லிய ஐந்து கிலோமீட்டர். கருவி மாறலாம், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் 'ஐந்து கிலோமீட்டர்' இருந்தே தீரும். கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத மலைச்சரிவு ஒன்று இருக்கும். கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்து, அதற்கப்பால் தெருவிற்குள் நுழையாமல் நிற்கும். இழை வந்தும் கட்டணம் செலுத்த இயலாத வீடு ஒன்று இருக்கும். பெருந்தொற்றுக் காலமான 2020இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்தில் நடந்தபோது, எந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தது, எந்த வீட்டுப் பிள்ளை வெளியே நின்றது என்பதை நாடே கண்டது. நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை அமைத்தாலும், கடைசி ஒரு கிலோமீட்டர் பாதை இல்லாவிட்டால் அவ்வூருக்குச் சாலை இல்லை என்றே பொருள்.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமர்வீர்கள். புதிய கருவி ஒன்று உங்கள் முன் வரும்போது, அதன் வேகம் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். அதோடு, "இதன் கம்பி எந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடியவர்களால்தான் கித்தூருக்கு எக்சேஞ்சு வந்தது. அரகொண்டாவிலிருந்து எக்ஸ்ரே படம் சென்னைக்குச் சென்றது. மேலூர்ப் பக்கத்து முதியவரின் கண்ணை மதுரையிலிருந்த மருத்துவர் கண்டார். இன்னும் விடை காணாத வீடுகள் உள்ளன. அவற்றை உங்களிடம் ஒப்படைத்து அமைகிறேன்.